நாலு பன்னிரண்டு

மார்ச் பிறந்தால் பள்ளிக்கூடம் முட்டை வாங்கும்.
பன்னிரண்டு. ஒரு இன்குபேட்டர், மஞ்சள் விளக்கு,
சுவரில் இருபத்தொரு கட்டம்.
ஓடு விரியும் அன்று
வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

மே மாதம் ஆசிரியை எங்களுக்கு போன் செய்வாள்,
குரலைத் தாழ்த்தி:
"ஏழு ஆண்."
ஏதோ வியாதியின் பெயர்போல.

கிரேவன் ஆர்ம்ஸ் தாண்டி மேட்டில்
ஐலீன் பெடோஸின் நாலு ஏக்கர்.
வாரநாளில் லட்லோ மருந்துக்கடையில்
மாத்திரை எண்ணும் நான்
சனிக்கிழமைகளில் இங்கே எச்சம் வழிப்பேன்.
நாற்பத்து மூன்று சேவல்.
வந்து சேர்ந்த கிழமைதான் பெயர்.
ஞாயிறு இரவில்தான் ஆட்களுக்குத் துணிச்சல் போலும்,
எங்களிடம் பதினோரு திங்கள்.
ஒரே ஒரு புதன்.

புதன் வந்தது வாழைப்பழப் பெட்டியில்,
வேலிக்கு இந்தப் பக்கம், பிப்ரவரி மழையில்.
பெட்டிமேல் பேனாவில்:
நல்லவன். மன்னிக்கவும்.
கொண்டையில் பாதியைப் பனி தின்றிருந்தது.
கூவினால் நடுவில் குரல் உடையும்,
மீசை அரும்பும் பையன்
எழுந்து நின்று பாடம் வாசிப்பதுபோல.

என்னைப் புனிதவதி என்று எண்ணவேண்டாம்.
"தோலோடயா, உரிச்சா?" என்று கறிக்கடையில் கேட்டால்
யோசிக்காமல் பதில் சொன்ன வீடுதான் என் வீடு.
கொடியில் ஏற்றிக் கும்பிட்டோம்.
காலில் கத்தி கட்டிப் பணம் வைத்தோம்.
கூட்டில் இரண்டாவதாக ஒன்று வந்தால் மட்டும்
இடமில்லை.

ஜூனில் ஊர் மன்றத்தில் விசாரணை.
மடக்கு நாற்காலிகள், ஆறிப்போன தேநீர்.
ஐந்து பக்கம் எழுதிப் போயிருந்தேன்:
டிராக்டர் எத்தனை டெசிபல்,
தேவாலய மணி எத்தனை,
முட்டை தின்னும் ஒவ்வொரு வீடும்
ஒரு சேவலுக்குக் கடன்பட்டது எப்படி.
மூன்றாம் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள்.
நான்காம் பக்கத்தைத் தவறவிட்டு
நேராக ஐந்துக்குப் போய்
உட்கார்ந்துவிட்டேன்.

புகார்தாரர் மெர்வின் ப்ரீஸ்.
வயது எழுபத்தொன்பது. முப்பத்தாறு வருடம்
ரயில்வே சிக்னல் பெட்டியில் இருந்தவர்.
கொண்டுவந்தது புகார்க் கடிதமல்ல, ஒரு பதிவேடு.
சிவப்பு மையில் கோடு போட்ட பத்திகள்.
கோபமே இல்லாமல் வாசித்தார்:
மூன்று ஐம்பத்தொன்று. நாலு நாலு.
நாலு ஒன்பது, இரட்டை.
வண்டிகள் கடந்துபோகின்றன என்றே தோன்றியது.

நிறுத்தினார்.
தலைவரைப் பார்க்கவில்லை, ஐலீனைப் பார்த்தார்.
"நாலு பன்னிரண்டு வியாழனிலிருந்து வரவில்லை.
அந்த உடைந்த குரல்.
ரத்தா? தாமதமா?"

வழக்கு தொடுத்தவர் கேட்டுவிட்டார்,
அத்தனை பேருக்கும் நடுவில்,
நாங்கள் ஐந்து பக்கத்தில் கேட்க மறந்ததை.

"பாதத்தில் சீழ்," என்றாள் ஐலீன்.
"சமையலறையில் இருக்கிறான்."
அவர் சட்டைப்பையில் பென்சில் தேடினார்.

அதற்காகப் புகாரைத் திரும்பப் பெறவில்லை.
ஏழு மணிவரை எல்லாரையும்
இருட்டுக் கொட்டகையில் அடைக்கவேண்டும் என்று தீர்ப்பு.
மரம் அறுத்தோம். ஜன்னலுக்குத் தார்ப்பாய் அடித்தோம்.
சேவலை இருட்டில் வைக்கலாம்,
விடியலை அதனிடம் மறைக்க முடியாது;
இதை அந்தத் தீர்ப்பில் யாரும் எழுதவில்லை.

மருந்து கொடுக்க அந்த வாரம் நான்
ஐலீனின் சோபாவில் படுத்தேன்.
எட்டு மணிக்கொரு மாத்திரை, பாதியாய் உடைத்து,
திராட்சைக்குள் வைத்து.
முதல் நாள் துப்பியது. இரண்டாம் நாள் கொத்தியது.
என் கட்டைவிரலில் இன்னும் தழும்பு.

ஆறாம் நாள் அதிகாலை,
நாய்க்கூண்டு மேல் போர்த்திய துண்டுக்குள்ளிருந்து
புதன் கூவியது.
உடையவேண்டிய இடத்தில் உடைந்தது.

அடுப்புக் கடிகாரத்தில் நாலு பத்தொன்பது.
பின்கதவு திறந்தே கிடந்தது; போய்ச் சாத்த நினைத்தேன்.
எதிர்மேட்டில் ஒரு ஜன்னலில்
விளக்கு எரிந்தது.

ஏழு நிமிடம் தாமதம்
என்று எழுதுகிறார்.